ஏதுவின்றி வரும் அச்சம்

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றென்பதும், அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம்மிறை என்னும் நான்கினிடத்தும் பிறக்குமென்பதும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பயின்றார் நன்கறிவர். இந்நான்கும் அஞ்சுவார்க்குப் புறத்தே நிற்பன. புலியைக் கண்டு அஞ்சினான் ஒருவனுக்குப் புலி அகன்றவழி அச்சமும் அகலும். புறத்தே யாதொன்றும் இல்லாதவழி, விளக்கெரியும் வீட்டில், மக்களும் பேரரும் சூழ்ந்திருப்ப, உண்டு முடித்து அமர்ந்திருக்கும் ஒருவர்க்கு, ‘இதோ உயிர் போகின்றது’ என்னும் பேரச்சம் திடுமென எழுந்து மெய்முழுதும் நடுங்கச் செய்யுமாயின், அதனை அந்நான்கனுள் எதன்பால் அடக்குவது? முப்பத்தைந்தாண்டு இலக்கணம் கற்பித்தும் யான் எந்த மாணாக்கனையும் இவ்வினா வினவியதில்லை. எம் அன்னையார்க்கு வந்த நோயே எம்மை இங்ஙனம் வினாவிற்று.

வீட்டுச் செய்தியை இவ்விதழில் எழுதுதல் தகுமோ எனச் சிறிது ஐயுற்றேன். அடியார் இல்லங்கள் பலவற்றுள் இத்தகைய முதியோர் இருத்தல் கூடும். அவர்தம் நோயை நோயென்று கொள்ளாது பத்திக் குறைவென்று கொள்ளும் வழக்கு நம்மவரிடையே உண்டு. அதனால் விளையும் துன்பம் நோயினும் பெரிது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

அன்னையார்க்கு இப்பொழுது அகவை 84. பள்ளிக் கல்வி ஐந்தாம் வகுப்பளவே. தம் தந்தையார் ஓதக் கேட்டுக் கேட்டே பாடமாக்கிய பதிகங்கள் நூற்றுக்கு மேலாகும். மணம் புரிந்து பாபநாசத்திற்கு வந்து அறுபத்தைந்தாண்டு ஆகின்றது. பிரதோடந்தோறும் திருப்பாலைத்துறைக்குச் சென்று பாலைவனநாதரையும் தவளவெண்ணகையம்மையையும் வழிபடுவது அவர்தம் நீங்கா நியமம். தாருகவனத்து முனிவர் ஏவிய புலியை அடக்கி அதன் தோலைப் பெருமான் உடுத்தருளினான் என்பது அத்தலத்து வரலாறு. இருளுக்கு அஞ்சும் பேரப்பிள்ளைகட்கு அன்னையார் இக்கதையையே சொல்லி உறங்கச் செய்வார். பிறர் அச்சத்தைத் தீர்த்தே பழகியவர் அவர்.

மூன்றாண்டுகட்கு முன்னர், குடமுருட்டியிற் புதுநீர் வந்து, ஆடிப் பதினெட்டுங் கழிந்த நான்காம் நாள் இரவு, “தம்பி, என்னைப் பிடித்துக்கொள், போகிறேன்” என்று கூவினார். ஓடிச்சென்று பற்றினேன். நெஞ்சு பறைபோல் அடித்தது. வியர்வை ஆடையை நனைத்தது. மூச்சு உள்ளே செல்லவில்லை என்றார். ஆயின் மிக விரைந்து மூச்செறிந்துகொண்டேயிருந்தார். விரல்நுனிகள் மரத்தன. எம்மூரார்க்கு ‘நூற்றெட்டு’ என்னுமளவில் நினைவில் எழுவன இராமலிங்கசுவாமி திருக்கோயிலில் உள்ள நூற்றெட்டு இலிங்கங்களே. அவ்விரவில் அவ்வெண் எங்கட்கு நோயாளரை ஏற்றிச்செல்லும் ஊர்தியின் பெயராயிற்று. 

மருத்துவமனை ஒன்றில் இதயத் துடிப்பைப் படமெடுத்தனர், குருதியைச் சோதித்தனர். அதற்குள் அச்சம் தானே தணிந்துவிட்டது. “ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது, அழைத்துச் செல்லுங்கள்” என்றனர். இரண்டு திங்களுக்குள் இங்ஙனம் ஆறுமுறை சென்றோம், ஆறுமுறையும் ‘ஒன்றுமில்லை’. ஆறாம் முறை ஆண்டிருந்த பணியாளர் ஒருவர், பாட்டி நாடகமாடுகிறார் என்று அவர் செவிப்படவே கூறினார். அதன்பின் அன்னையார் ஊர்தியை அழைக்க வேண்டா என்று தடுத்துவிட்டார்.

அச்சம் வந்தபொழுது பட்ட துன்பத்தினும் அது மீண்டும் வருமோ என்று காத்திருந்த துன்பமே மிகுதி. முதலிற் கூட்டத்திற்கு அஞ்சிக் கோயிலுக்குச் செல்வதை நிறுத்தினார். பின்னர்க் கடைத்தெரு நின்றது. பின்னர்த் திண்ணையும் நின்றது. குளிக்கும் அறைக் கதவைத் தாழிட மறுத்தார். குக்கர் கூவினாலும் திடுக்கிட்டார். அறுபத்தைந்தாண்டு பழகிய ஊர் ஒரு கட்டிலின் அளவாகச் சுருங்கிற்று.

இந்நிலையில் நலம் வினவ வந்த உறவினர் ஒருவர், தேவாரம் ஓதும் வாய்க்கு அச்சமேது என்றார். கடலும் களிறும் நஞ்சும் நீற்றறையும் அப்பரடிகளை என் செய்தன என்று வேறு கேட்டார். அவர் தீயவரல்லர், ஊக்கமூட்டுவதாகவே எண்ணினார். அன்னையார் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை விளக்கேற்றிய பின் ஓதவில்லை, மறுநாளும் ஓதவில்லை. ஒரு வாரங்கழித்து யான் கேட்டபொழுது, “பாபநாசத்திலேயே இத்தனை காலம் இருந்தும் என் பாவம் நாசமாகவில்லை. பயந்து சாகிறவள் வாயில் பதிகம் எதற்கு, தம்பி?” என்றார். நெஞ்சின் துடிப்பை அடக்க மருத்துவர் உளர்; இதற்கு யாரிடஞ் செல்வது என்று திகைத்தேன்.

அப்பரடிகளை எடுத்துக்காட்டுவார், கடலில் மிதந்த அப்பரையே காட்டுகின்றனர். சூலையால் துடித்த மருணீக்கியாரை மறந்துவிடுகின்றனர். இருவரும் ஒருவரே அல்லரோ? வலி பொறாது இரவிலே மறைந்து திருவதிகைக்கு வந்து தமக்கையார் அடிகளில் வீழ்ந்தவரை, அவ்வம்மையார் யாது செய்தார் என்பதைச் சேக்கிழார் பெருமான் வாக்கில் நோக்குக. திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருவலகும் மெழுக்குந் தாங்கித் தாம் பணிக்குச் செல்லும் விடியற்பொழுதில் அவரையும் உடனழைத்துச் சென்றார். உடனழைத்துச் சென்றார் என்பதை யான் பலகால் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். அதன் பொருள் இந்நோயின்பொழுதே எமக்கு முற்றும் விளங்கிற்று.

திருவாசகத்து அச்சப்பத்தைக் காட்டினாரும் உளர். பெயர் கேட்ட அளவில் காட்டினாரேயன்றி உட்பொருள் நோக்கிக் காட்டினாரல்லர். மணிவாசகர் தாம் அஞ்சாதன பலவற்றை அடுக்கி, அஞ்சுவது ஒன்றுண்டென்று அப்பதிகத்தினுள்ளேயே கூறுகின்றார். அஃது இறைவன்பால் அன்பிலாதாரைக் காணுதலாம். அடிகள் அளந்தது அன்பை, நாடித்துடிப்பை அன்று.

சித்தாந்தத்தின்படி நோக்கினும் இதில் மயக்கமில்லை. உயிர் கருவிகளோடு கூடியே அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. கண்ணிற் புரை படர்ந்த முதியவர் ஒருவர் கோபுரத்தைக் காணாராயின் அவர்க்குப் பத்தி இல்லை என்பார் எவருமிலர். கண் என்னும் கருவி பழுதுற்றது என்றே கூறிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். இடரை உணர்த்தி உடலை ஓடவும் பொரவும் ஆயத்தஞ்செய்யும் கருவியொன்று மூளையகத்தே உள்ளது. அது பழுதுற்று இடரில்லாதவழியும் ஓலமிடுமாயின், அதனை மட்டும் உயிரின் குற்றமாகவும் அன்பின் குறையாகவும் கொள்வது எந்த நூல்வழி?

உறவினர் வேண்டுகோட்கிணங்கித் திருவிடைமருதூர்க்கும் சென்றோம். வரகுணபாண்டியனைத் தொடர்ந்த பிரமகத்தி அத்தலத்து வாயிலளவில் நின்றுவிட, அவன் பிறிதொரு வாயிலாற் புறம்போந்து உய்ந்தான் என்னும் வரலாறு பற்றி, மனநோயாளரை அத்திருக்கோயிற் பிராகாரங்களில் வலம்வரச் செய்யும் வழக்கம் பண்டுதொட்டு உண்டு. கீழ்வாயிலில் பிரமகத்தியின் உருவைக் காட்டி உடன்வந்தவர் கதையை விரித்தனர். ஏதுவின்றி அஞ்சுவாரிடம் ஏதுவொன்றையும் எடுத்துக் கொடுத்தாற்போலாயிற்று. “இன்னும் அங்கேயே காத்திருக்கிறதா?” என்று அன்னையார் கேட்டார். பாதிப் பிராகாரத்திலேயே அச்சம் வந்துவிட்டது. அஃது தலத்தின் குறையன்று. கதை சொன்னார் இடமறியாமையே. ஆயின் அங்கே யான் கண்ட மற்றொன்று உண்டு. முதிய குருக்கள் ஒருவர் வந்து, அன்னையாரைத் தூணிற் சாய்ந்து அமரச்செய்து, தண்ணீர் கொடுத்து, “அவசரமில்லை அம்மா, நடைசாத்த நேரமிருக்கிறது” என்று மட்டுங் கூறி அருகே இருந்தார். நோய் யாது, எத்தனை நாளாக என்று ஒன்றுங் கேட்டிலர். அரைமணிக்குள் அச்சம் தணிந்தது.

பின்னர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபொழுது அக்குருக்களையே நினைந்தேன். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரிலுள்ள முத்துசாமி திருக்கோயிலில் தங்கியிருந்த மனநோயாளர் 31 பேரை ரகுராம் முதலிய மருத்துவ அறிஞர் ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அவருட் பெரும்பாலார் பீதி நோயினுங் கடிய மனச்சிதைவு உற்றவர். சராசரி ஆறு வாரம் தங்கியதில் அவர்தம் நோய்க்குறிகள் ஐந்திலொரு பங்களவு தணிந்தன. மந்திரவாதமோ தனிச் சடங்கோ ஆங்கு இல்லை. வெருட்டாத இடமும், உடன்வந்த சுற்றத்தாரும், கோயிற் சிறுபணிகளுமே இருந்தன. இதற்கு ஓராண்டு முன்னர், 2001 ஆகத்து 6-ஆம் நாள், இராமநாதபுரத்தைச் சார்ந்த ஏர்வாடியில் கொட்டகையொன்றிற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். இரண்டும் இறைவன் திருப்பெயரால் மக்கள் நாடிச்சென்ற இடங்களே. அருகிருத்தலுக்கும் பிணித்து வைத்தலுக்கும் உள்ள வேற்றுமையை இதனினுந் தெளிவாகக் காட்டுவது யாதுளது?

எம்மிடம் முன்னர்ப் பயின்று இப்பொழுது செவிலியராய்ப் பணிபுரியும் மாணவி ஒருத்தியே வழிகாட்டினாள். மாவட்ட மனநலத் திட்டம் என்றொன்று உண்டென்றும், அதன்படி மனநல மருத்துவர் அணித்தேயுள்ள அரசு மருத்துவமனைக்குக் குறித்த நாளில் வருவரென்றும் கூறினாள். நாடளாவிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கி, மாவட்டத் திட்டமாக 1996 முதல் விரிந்ததாம். ஐயா, அம்மாவிற்குப் பைத்தியம் என்று யாரும் எழுதிவிட மாட்டார்கள் என்று அவள் முன்கூட்டியே சொன்னாள்; எம் முகத்தைக் கண்டு சொன்னாள் போலும்.

மருத்துவர் இளம்பெண். ஒருமணி நேரம் அன்னையாரோடு பேசினார். எம்மைச் சிறிதுநேரம் வெளியே இருக்கச் செய்தும் பேசினார். முதுமையிற் புதிதாகத் தோன்றும் இவ்வச்சத்திற்கு இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை, தைராய்டுச் சுரப்பியின் மிகை, குருதிச்சோகை, சருக்கரைத் தாழ்வு, வேறு மருந்துகளின் விளைவு என்பனவும் ஏதுவாதல் கூடுமாதலின், அவையெல்லாம் இல்லையென்று தெளிந்த பின்னரே நோய்க்குப் பெயரிட்டார். ஆங்கில மருத்துவர் ‘பேனிக் டிஸார்டர்’ என்பர். தமிழிற் பீதி நோய் என்னலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரரிடத்து இதனை ஒத்த குறிகளைக் கண்ட டாகோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் அதனை இதயத்தின் நோயாகவே எழுதிவைத்தார். பீதி நோய் என்னும் தனிப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நூலில் 1980-இல்தான் இடம்பெற்றது. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்றாரை மிகுதியும் நோவதிற் பயனில்லை.

நோய் நிகழுமாறு இது. நெஞ்சு சிறிது விரைந்தடிக்கின்றது. அது மாடிப்படி ஏறியதாலும் இருக்கலாம், காப்பியாலும் இருக்கலாம். அதனை ‘இறப்பு வந்தது’ என்று அறிவு மாறிக்கொள்கின்றது. அதனால் அச்சம், அச்சத்தால் நெஞ்சு மேலும் விரைகின்றது, அதனால் மேலும் அச்சம். மூச்சு மிக விரைதலின் குருதியிற் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரக்கின்றன. அதுவும் சாவின் குறியாகத் தோன்றுகின்றது. பத்து நிமிட அளவில் உச்சியை எட்டிப் பின்னர்த் தானே இறங்கும். இவ்வாறு உடற்குறியைத் திரித்துணர்தலே நோயின் அச்சாணி என்பதை 1986-இல் கிளார்க்கு என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினாராம். கயிற்றில் அரவைக் கண்டதுபோல என்று யான் சொன்னேன். ஏகான்மவாதிகள் உவமையை யான் எடுத்தாண்டது என் ஆசிரியர் செவிக்கு எட்டியிருப்பின் பிரம்பெடுத்திருப்பார். எனினும் ஈண்டு அது பொருந்துகின்றது.

மருந்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். உறவினர் ஒருவர் கொடுத்திருந்த உறக்க மாத்திரையை மருத்துவர் கண்டித்தார். முதியோர்க்கு அது தடுமாற்றத்தையும் வீழ்ச்சியையும் உண்டாக்கும், விடமுடியாத பழக்கமுமாகும் என்றார். பீதி நோய்க்குரிய மாத்திரையை மிகச் சிறிய அளவில் தொடங்கினார். பயன் தெரிய வாரங்கள் செல்லும், முதற் சில நாள் படபடப்புச் சிறிது மிகவுங்கூடும், குருதியில் உப்பின் அளவைச் சோதித்து வரவேண்டும் என்று மூன்றையும் முன்னரே சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆயிற்று. முன்னறிவித்த துன்பத்தை அன்னையார் பொறுத்தார். ஐந்தாம் வாரத்தில் ஓரிரவு முழுதும் உறங்கினார்.

இனி, ஓதுதலைப் பற்றியது. அதனை நிறுத்திவிட்டார் என்று யான் கூறியபொழுது, மருத்துவர் அதனை மருந்தினுங் கவனமாகக் கேட்டார். மெதுவாக மூச்சை நீட்டி விடும் பயிற்சியை அவர் கற்பித்துக்கொண்டிருந்தார். பண்ணோடு ஓதுவார்க்கு அது புதிதன்றே! ஓரடி முடியுமளவும் மூச்சு நெடிது வெளிச்செல்லும்; அடியிறுதியில் உள்வரும். இத்தாலிய நாட்டுப் பெர்னார்டி என்பவரும் பிறரும் 2001-இல் கிறித்தவர் செபமாலையையும் திபேத்திய மந்திரம் ஒன்றையும் ஓதுவாரை ஆராய்ந்து, இரண்டும் மூச்சை நிமிடத்திற்கு ஆறளவாக்கி இதயத்தின் ஒழுங்கைச் செம்மை செய்கின்றன என்று கண்டனர். தேவாரத்தை அங்ஙனம் ஆராய்வார் வருவாராயின் நம்மவர் முகமலர்ந்து வரவேற்கலாம்.

ஆகவே, அச்சம் வருந்தோறும் பதிகம் ஓதுக என்று அம்மையார் கூறுவார் என எதிர்பார்த்தேன். அவர் அவ்வாறு கூறவில்லை. “அம்மா, நீங்கள் ஓதுங்கள், ஆனால் பயத்தை விரட்டுவதற்காக ஓத வேண்டாம்” என்றார். பின்னர் எமக்கு விளக்கினார். இந்நோயினர் சிலர் தண்ணீர்ப் புட்டியையோ, மாத்திரையையோ, ஓர் ஆளையோ விடாது பற்றிக்கொள்வர். இதனாலன்றோ உயிர்பிழைத்தேன் என்று ஒவ்வொரு முறையும் எண்ணுவர். அச்சம் தானே தணிவது என்பதை ஒருகாலும் கற்றுக்கொள்ளார். மந்திரமும் அங்ஙனம் ஆகிவிடுதல் கூடும். ஓதாவிடின் இறந்துபடுவேன் என்னும் புதியதோர் அச்சம் அதனின்று முளைக்கும்.

யான் வியந்தது இவ்விடத்தேயாம். சைவ நூல் பயிலாத அவ்வம்மையார், அறிந்தோ அறியாமலோ, நம் ஆசிரியன்மார் சொல்லிவந்த ஒன்றையே சொன்னார். திருவைந்தெழுத்து இறைவனோடு செய்யும் பண்டமாற்றன்று. காப்புக் கயிறும் அன்று. அச்சம் நீங்கினால் ஓதுதல் பலித்தது, நீங்காவிடின் ஓதினார்க்கு அன்பில்லை என்று கணக்கிடும் உறவினரும், ஓதாவிடிற் சாவேன் என்று கணக்கிடும் நோயாளரும், ஓதுதலை ஒரே தராசில் வைக்கின்றனர். அத்தராசை எடுத்தெறிந்தவழி, நெஞ்சு துடிக்கும்பொழுதும் ஓதலாம், துடிக்காதபொழுதும் ஓதலாம். துடிப்புக்கும் ஓதுதலுக்கும் வழக்கில்லை. இதனை அன்னையார்க்கு யான் சித்தாந்த முறையில் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நடுவே தடுத்து, “அப்படியானால் பயத்தோடேயே பாடலாம் என்கிறாய்” என்றார். ஆம் என்றேன். அன்றிரவே ஒரு பதிகம் ஓதினார். குரல் நடுங்கிற்று.

விதித்த மற்றொரு பயிற்சி, அஞ்சி விட்ட இடங்களைப் படிப்படியாக மீட்பது. முதல் வாரம் திண்ணை. இரண்டாம் வாரம் தெருமுனை. அச்சம் வரின் திரும்பி ஓடாது, அது ஏறி இறங்குமளவும் அங்கேயே இருத்தல் வேண்டும், இதுவே கடினம். யான் அருகிருப்பேன், கையைப் பற்றுவதில்லை. குளிக்கும் அறைத் தாழ்ப்பாள் ஆறு வாரம் எடுத்துக்கொண்டது.

வினைப்பயனை நுகர்ந்தே கழிக்கவேண்டுமாகலின் மருந்து ஏன் என்று அன்பர் ஒருவர் கடிதம் எழுதினார். பசியும் பிராரத்தமே, அதற்குச் சோறிடுகின்றோம். நோய் வந்த வழியை வினையென்று கொள்வார், மருத்துவர் வந்த வழியை மட்டும் வேறென்று கொள்வது எற்றுக்கு? இதற்குமேல் அதில் வழக்காட யான் விரும்பவில்லை.

இல்லத்தில் இத்தகையோர் உடையார்க்கு ஒன்று கூறுவேன். 14416 என்னும் தொலைபேசி எண்ணில், 2022 அக்டோபர் முதல், ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் திட்டத்தின்படி மனநல ஆலோசகர் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசுகின்றனர், தமிழிலும் பேசுகின்றனர். மனநல மருத்துவம் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. நெஞ்சுவலியோடு கூடி முதன்முறை வரும் அச்சத்தை மட்டும் பீதி நோயென்று தாமே முடிவுகட்டாது, உடனே மருத்துவமனைக்குச் செல்க.

அன்னையார்க்கு நோய் முற்றும் நீங்கிற்றில்லை. சென்ற திங்களிலும் இருமுறை வந்தது. வீட்டிலேயே இருந்து கழித்தோம். மருந்து இன்னுந் தொடர்கின்றது. கார்த்திகைச் சோமவாரத்தன்று தாமே கேட்டுக்கொண்டு திருப்பாலைத்துறைக்கு வந்தார். கூட்டம் மிகுந்திருந்தமையின் கொடிமரத்தருகே அமர்ந்து, அப்பரடிகள் அத்தலத்திற்கு அருளிய குறுந்தொகையைத் தொடங்கினார். ஏழாம் பாட்டில் மூச்சு வாங்கிற்று, நிறுத்தினார். யான் எழ முற்பட்டேன். இரு என்று கையமர்த்தி, சிறிது பொறுத்து, எஞ்சிய பாட்டுக்களையும் ஓதி முடித்தார். பின்னர்ப் பேருந்திற் செல்லாமல் ஆட்டோவிற் போகலாம் என்றார்.